சோறு வைப்பது பெண். கோப்பை வாங்குவது ஆண்!

வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்டுவதிலும் இப்படி ஒரு பங்கீடு

மாதுங்கா, சயான், செம்பூர், தாராவி என்று மும்பையில் தமிழர் வாழும் பகுதி எதுவானாலும் சரி, இரவு 9 மணிக்கு மேல் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். சால் வாசலிலோ, கட்டடத்தின் பின்புறத்திலோ, பழைய அலுமினியச் சட்டியில் மீந்த சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே நாலைந்து தெரு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். அப்படி வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள். பளபளக்கும் சங்கிலியைக் கையில் பிடித்து நாயை நடத்திக் காட்டுகிறவர்கள், அதன் பரம்பரையை மூன்று தலைமுறைக்கு ஒப்பிக்கிறவர்கள், கடைசியில் மேடையேறிக் கோப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அந்த நாய்க்கு வீட்டில் பால் காய்ச்சி ஊற்றியவரும், உடம்புக்கு வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவரும் மேடையில் இருப்பது அபூர்வம்.

இது மும்பையில் மட்டும் உள்ள வழக்கமல்ல. லண்டனிலும் அமெரிக்காவிலும், நம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே கதைதான். பிராணிகளை வளர்ப்பதிலும் காப்பதிலும் ஆண்கள் சேரும் விதம் ஒன்று. பெண்கள் சேரும் விதம் வேறொன்று. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதனால் யாருக்கு நஷ்டம்? சற்று விவரமாகப் பார்ப்போம்.

பாசத்தில் யார் குறைவு?

“பெண்களுக்கு இளகிய மனசு, ஆண்களுக்குக் கல் மனசு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல.

ஹெரால்ட் ஹெர்சாக் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இந்த விஷயத்திலேயே பல ஆண்டுகள் உழைத்தவர். மனிதருக்கும் மிருகத்துக்கும் உள்ள உறவில் ஆண், பெண் வித்தியாசம் எவ்வளவு என்பது பற்றி அதுவரை வெளிவந்த பல ஆராய்ச்சிகளையும் ஒன்றாகத் திரட்டி 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவு சுவையானது. வீட்டில் வளரும் பிராணியிடம் வைக்கும் பாசத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. வேலை முடிந்து வரும் தகப்பனார், மகனிடம் பேசுவதற்கு முன்பு நாயிடம் பேசுவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்!

ஆனால் மிருகங்களுக்காகச் சங்கம் வைப்பது, கொடுமையைத் தடுக்கப் போராடுவது என்று வரும்போது வித்தியாசம் மிகப் பெரிதாகிவிடுகிறது. அங்கே பெண்களின் கூட்டமே அதிகம். வேட்டையாடுவது, மிருகங்களைத் துன்புறுத்துவது என்று வந்தால் அந்தப் பக்கம் ஆண்களின் கூட்டம் அதிகம்.

ஆகவே, அன்பின் அளவில் பெரிய பேதம் இல்லை. அந்த அன்பு எந்த வழியில் வெளியே வருகிறது என்பதில்தான் பேதம்.

காபிக் கடையில் பிறந்த சங்கம்

மிருக வதைத் தடுப்புச் சங்கங்களின் வரலாற்றைப் புரட்டினால் இது நன்றாக விளங்கும். 1824ஆம் ஆண்டு ஜூன் 16ந் தேதி லண்டனில் ஒரு காபிக் கடையில் சில பிரமுகர்கள் கூடினார்கள். ரிச்சர்டு மார்ட்டின் என்ற பார்லிமெண்டு உறுப்பினர், அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்போர்ஸ், ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் முதலியோர் அதில் முக்கியமானவர்கள். உலகின் முதல் பெரிய மிருக வதைத் தடுப்புச் சங்கம் அன்று பிறந்தது. அதை நிறுவியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சட்டம் இயற்றுவது, வழக்குப் போடுவது, வண்டிக்காரருக்கு அபராதம் விதிக்கச் செய்வது ஆகியவை அந்தச் சங்கத்தின் பணிகள்.

36 ஆண்டுகள் கழித்து, 1860ல், மேரி டீல்பி என்ற அம்மையார் அதே லண்டனில் வேறொரு காரியம் செய்தார். தெருவில் பசியால் சாகும் நாய்களைத் தூக்கி வந்து, சோறு போட்டு, மருந்து கொடுத்துக் காப்பாற்ற ஒரு விடுதி தொடங்கினார். “மனிதர்களுக்கே வழியில்லை, நாய்க்கு விடுதியா?” என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்த அம்மையார் 1865ல் காலமானார். அவர் தொடங்கிய விடுதி 1871ல் பேட்டர்சீ என்ற இடத்துக்கு மாறி, இன்றும் உலகப் புகழோடு நடந்து வருகிறது.

சட்டப் புத்தகத்தோடு ஆண்கள் வந்தார்கள். சோற்றுச் சட்டியோடு பெண் வந்தாள். இரண்டும் தேவைதான். ஆனால் பிரமுகர் என்று பெயர் வாங்கியது ஒரு சாரார். கேலிப் பேச்சு வாங்கியது மற்றொரு சாரார்.

பணம் திரட்டலாம், நாற்காலி கிடையாது!

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. பிலடெல்பியா நகரில் கரோலின் எர்ல் ஒயிட் என்ற அம்மையார் மிருக வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று உருவாவதற்கு முன்னின்று உழைத்தார். 1860களின் பிற்பகுதியில் சங்கம் உருவாயிற்று. நிர்வாகக் குழு அமைத்தபோது அவருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. பெண் என்பதுதான் காரணம்!

அவர் சும்மா இருக்கவில்லை. 1869ல் பெண்களுக்கென்றே தனிக் கிளை தொடங்கினார். ஆண்களின் சங்கம் செய்யாத ஒன்றை அந்தப் பெண்கள் கிளை செய்தது. பிடிபட்ட தெரு நாய்களை அடித்துக் கொல்லாமல் வைத்துப் பராமரிக்கும் காப்பகம் அமைத்தது. அமெரிக்காவின் முதல் பிராணிகள் காப்பகம் என்று அதைச் சொல்கிறார்கள்.

நாய்க் கண்காட்சிகளை நடத்தும் சங்கங்களின் கதையும் இதுதான். இங்கிலாந்தில் கென்னல் கிளப் 1873ல் தொடங்கியது. நாய்களை வளர்த்தவர்களிலும், போட்டிக்குக் கொண்டு வந்தவர்களிலும் பெண்கள் ஏராளம். ஆனாலும் அந்தச் சங்கத்தில் பெண்கள் முழு உறுப்பினர் ஆனது 1979ல்தான். ஒரு நூறாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் புளோரன்ஸ் நாகிள் என்ற முதிய பெண்மணி. 1966ல் குதிரைப் பந்தய சங்கத்தை எதிர்த்து வழக்காடி, பெண்களும் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் லைசென்ஸ் பெறலாம் என்ற உரிமையை வாங்கியவரும் இவர்தான்.

அமெரிக்கக் கென்னல் கிளப் 1884ல் பிறந்தது. அதன் பிரதிநிதிகள் சபையில் பெண்களை அனுமதித்தது 1974ல். நாயைக் கூட்டிக்கொண்டு களத்துக்கு வரலாம்; விதிகளை எழுதும் மேஜைக்கு மட்டும் வரக்கூடாது! இதுதான் 90 ஆண்டுகள் நடந்த நியாயம்.

மும்பையின் பழைய கதை

நாய்க்காகக் கலகம் நடந்த ஊர் நம் மும்பை என்பது பலருக்குத் தெரியாது. 1832 ஜூன் மாதத்தில், தெரு நாய்களைக் கொல்லப் போலீசார் ஆட்களை ஏவினார்கள். ஒரு நாய்க்கு எட்டணா கூலி. காசுக்கு ஆசைப்பட்டு வீட்டு நாய்களையும் அடித்துக் கொன்றார்கள். பார்சி மக்களுக்கு நாய் புனிதமான பிராணி. இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் வைப்பது அவர்கள் சடங்குகளில் ஒன்று. கோட்டைப் பகுதியில் பார்சிகள் கொதித்தெழுந்தார்கள். மற்றச் சமூகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போகும் உணவுப் பொருள்கள்கூட நின்றன.

இரண்டே ஆண்டுகளில், 1834ல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர்கள் சேர்ந்து பம்பாய் பாஞ்ராபோலை அமைத்தார்கள். புலேஷ்வர் பக்கம் போகிறவர்கள் இன்றும் அங்கே பசு மாடுகளைப் பார்க்கலாம்.

1874ல் பம்பாய் மிருக வதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அடுத்த பத்தாண்டில் பரேலில் மிருக ஆஸ்பத்திரி எழுந்தது. ஆலை முதலாளி தின்ஷா மானக்ஜி பெட்டிட் கொடுத்த கொடை அது. ஆஸ்பத்திரிக்குப் பெயர் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி. சக்கர்பாய் என்பது அவருடைய மனைவியின் பெயர். காலொடிந்த பூனையையும் கண்வலி வந்த ஆட்டையும் தூக்கிக்கொண்டு அங்கே போன நம்மவர்கள் பலர் இருப்பார்கள். ஒரு பெண்ணின் பெயர் வாசலில் நிற்பது மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் இந்த வரலாற்றில் கலகம் செய்தவர்கள், கொடை கொடுத்தவர்கள் என்று ஏட்டில் ஏறிய பெயர்கள் ஆண்களுடையவை. அந்த நாட்களில் வாசலில் வந்து நின்ற நாய்க்குத் தினமும் ரொட்டி வைத்தவர்கள் யார் என்று எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

நம் ஊரில் மட்டும் என்ன?

வடசென்னையில் புறாப் பந்தயம் பிரசித்தம். ராயபுரம், வியாசர்பாடி பக்கம் மாடிக்கு மாடி புறாக் கூண்டுகள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் கொண்டுபோய் விட்ட புறா எத்தனை மணிக்குத் திரும்பியது என்று கணக்குப் பார்ப்பதும், கோப்பைக்காகச் சங்கம் வைத்து மோதுவதும் ஆண்கள் உலகம். வீட்டில் தண்ணீர் வைப்பதும் கூண்டு சுத்தம் செய்வதும் பல நேரம் அவர்களுடைய அம்மாவோ மனைவியோ செய்கிற வேலை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய் இனங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களுக்கு மார்பு விரியும். நியாயம்தான். 2005ல் இந்தியத் தபால் துறை வெளியிட்ட நாய் முத்திரைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் இனம், நிறம், உயரம், விலை என்ற பேச்சு முழுவதும் ஆண்களின் பேச்சாகவே இருக்கும். குட்டி போட்ட தாய் நாய்க்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த விவரம் அதில் வராது.

ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் காளைக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் வைத்து, குளிப்பாட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்க்கிறவர்கள் பெண்கள். மூக்கணாங்கயிற்றைத் தொட அந்நியனை விடாத காளை, அந்த அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஆட்டுக்குட்டிபோல் போகும். ஆனால் வாடிவாசல் ஆண்களின் இடம். காளையோடு வாடிவாசல் வரை வருகிற பெண்களைப் பத்திரிகைகள் தனிச் செய்தியாகப் படம் போட்டு வெளியிடுவதே, அது எவ்வளவு அபூர்வம் என்பதைக் காட்டுகிறது.

சட்டம் கொண்டுவந்த பெண்மணி

இந்தப் பங்கீட்டை உடைத்துக் காட்டியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

மதுரையில் 1904ல் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரம் நிறுவிய நாட்டியக் கலைஞர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். 1952ல் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற அவர், அங்கே நாட்டியத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. மிருக வதையைத் தடுக்கத் தனி நபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கூறியதால் மசோதாவை வாபஸ் பெற்றார். அதன் பலனாக வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டம். 1962ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1986ல் காலமாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வாரியத்தின் தலைமை அலுவலகமும் பல ஆண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

இன்னொரு நல்ல உதாரணம் சென்னை புளூ கிராஸ். 1959ல் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றியதில் தொடங்கியது அந்தப் பணி. தொடங்கியவர்கள் விமானி கேப்டன் சுந்தரமும், அவருடைய மனைவி உஷா சுந்தரமும். உஷா சுந்தரம் தாமே விமானம் ஓட்டிய பெண்மணி! நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1960களிலேயே சொன்ன சங்கம் அது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து இறங்கினால் காரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

ஏன் இப்படிப் பிரிந்தது?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, அடுப்பங்கரை. மீந்த சோறு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் நாயும் பூனையும் வந்து நிற்கும். அடுப்பங்கரை பெண்ணிடம் இருக்கும்வரை அந்த உறவும் பெண்ணிடம்தான் இருக்கும்.

இரண்டாவது, பழக்கம். பிறரைக் கவனித்துக்கொள்வது என்றால் அது பெண்ணின் வேலை என்று நாமாக வைத்துவிட்டோம். குழந்தை, மாமியார், நோயாளி என்ற வரிசையில் நாயும் பூனையும் சேர்ந்துவிட்டன. ஆணுக்கோ, போட்டி, கணக்கு, பெருமை என்று வேறு வழியில் பழக்கப்படுத்தியிருக்கிறோம். தெருவில் ஒரு பையன் பூனைக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சினால், “என்னடா பெண்பிள்ளை மாதிரி” என்று கேலி செய்கிறோம். அவனே நாயை ஏவி எலியைப் பிடிக்க வைத்தால் கைதட்டுகிறோம்.

மூன்றாவது, நம் மும்பைவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: சொசைட்டி மீட்டிங். கட்டட வளாகத்தில் நாய்க்குச் சோறு வைக்கலாமா கூடாதா என்ற தகராறு கடைசியில் அங்கேதான் வரும். மகாராஷ்டிரத்தின் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி, வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தால் பங்குப் பத்திரத்தில் முதல் பெயர் யாருடையதோ அவருக்கே ஓட்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த முதல் பெயர் கணவருடையது. தினமும் சோறு வைக்கிற அம்மாள் கூட்டத்தில் இருக்கமாட்டார். அவரைப் பற்றிய தீர்மானம் அவர் இல்லாமலே நிறைவேறிவிடும்.

இரவு ஷிப்டுக்காரரின் கட்சி

ஆண்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

இரண்டாவது ஷிப்டு முடிந்து, கடைசி லோக்கலைப் பிடித்து, நள்ளிரவில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிறவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். தெருமுனையில் ஏழெட்டு நாய்கள் குலைத்துக்கொண்டு துரத்தும்போது அங்கே பிராணி நேசம் பேச முடியாது. விடியற்காலையில் பால், பேப்பர் போடுகிறவர்களுக்கும் இதே பயம். நாய்க்கடிக்கு ஆளாகிறவர்களில் சிறுவர்களும் ஆண்களுமே அதிகம். தெருவில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தானே! உலகத்தில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே, ஒரே தெருவில் ஒரே நாயைப் பெண் பார்ப்பது ஒரு விதம்; ஆண் பார்ப்பது ஒரு விதம். அவளுக்கு அது மாலையில் வாசலில் காத்திருக்கும் ஜீவன். அவருக்கு அது நள்ளிரவில் காலைக் கவ்வ வரும் ஆபத்து. இரண்டும் உண்மை. இருவரும் உட்கார்ந்து பேசாததால்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை வருகிறது.

அந்தச் சண்டையில் பேச்சு வாங்குவது பெரும்பாலும் பெண்தான். “வேலை வெட்டி இல்லாதவள்”, “பிள்ளைக்கு இல்லாத சோறு நாய்க்கா?” என்ற வசவுகளை எத்தனையோ பெண்கள் நம் கண்ணெதிரே கேட்கிறார்கள். தனியாக வசிக்கும் வயதான பெண்கள் என்றால் வசவு இன்னும் அதிகம். அதே வளாகத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு நாய் வாங்கி, காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிற கனவானை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எல்லை மீறினால் ஆபத்து

சோறு வைக்கும் பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. அன்பு அளவு மீறினால் அது நோயாகிவிடும்.

சமாளிக்க முடியாத அளவுக்குப் பூனைகளையும் நாய்களையும் வீட்டுக்குள் சேர்த்து, அவற்றையும் பட்டினி போட்டு, தாமும் நோயில் விழும் மனிதர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இதைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவர் காரி பட்ரோனெக் 1999ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். அவர் பார்த்த சம்பவங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். அவர்களில் தனிமையில் வாழும் முதியவர்கள் பலர்.

அதைப் படித்துச் சிரிக்கக் கூடாது. ஊர் முழுவதும் ஒதுங்கிக்கொண்டு, எல்லாப் பாரத்தையும் ஒருத்தியின் தலையில் வைத்தால் இப்படித்தான் முடியும். சுமையைப் பகிர்ந்துகொள்ள நாலு பேர் இருந்தால் யாரும் அந்த நிலைக்கு அவ்வளவு எளிதில் போகமாட்டார்கள்.

கதவு திறந்தபோது...

“இதெல்லாம் பிறவிக் குணம், மாறாது” என்று சொல்கிறவர்களுக்குக் கால்நடை மருத்துவத் தொழில் நல்ல பதில்.

அயர்லாந்தில் பிறந்த ஏலீன் கஸ்ட் என்ற பெண் 1890களில் கால்நடை மருத்துவம் படித்தார். பரீட்சை எழுத அவருக்கு அனுமதி மறுத்தார்கள். ஆனாலும் கிராமங்களில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்துவந்தார். அவருக்கு முறையான பட்டயம் கிடைத்தது 1922ல். பெண்களைத் தொழில்களிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று 1919ல் பிரிட்டனில் சட்டம் வந்த பிறகுதான் அதுவும் நடந்தது.

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் தொடங்கப்பட்டது. சக்குபாய் ராமச்சந்திரன் என்ற பெண்மணி அங்கே படித்து 1950களின் தொடக்கத்தில் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அதுவரை அந்தப் படிப்பு ஆண்களுடையதாகவே இருந்தது.

இன்று அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பு அங்கே பெண்கள் சிறுபான்மையினராக இருந்தார்கள். இந்தக் குறுகிய காலத்தில் பெண்களின் பிறவிக் குணமா மாறிவிட்டது? மாறவில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

சண்டை போடாமல் வாழ வழி உண்டு. சட்டமும் ஓரளவு வழி காட்டுகிறது.

2023ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகள், தெரு நாய்களுக்கு உணவு வைக்க இடமும் நேரமும் குறிப்பது குடியிருப்போர் சங்கத்தின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பு என்று கூறின. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து அந்த இடம் தள்ளியிருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரமாகப் பார்க்க வேண்டும். உணவு வைப்பவர் இடத்தை அசுத்தம் ஆக்கக் கூடாது. 2025 ஆகஸ்டு 22ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும், கண்ட இடத்தில் தெருவில் உணவு வைக்கக் கூடாது, அதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றும் அந்த உத்தரவு கூறியது.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை இருக்கிறது. நாயின் குணம், எது குட்டி போட்டிருக்கிறது, எதற்குக் காயம் என்பதெல்லாம் சோறு வைக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். கருத்தடை செய்ய வரும் வண்டிக்காரர் வலை வீசினால் ஓடுகிற நாய், அவர் கூப்பிட்டால் வந்து நிற்கும். ஆகவே தடுப்பூசி முகாம் நடக்கும்போது அந்தப் பெண்ணைத்தான் முதலில் அழைக்க வேண்டும். காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். இதை இரவு ஷிப்டுக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது.

மாநகராட்சிக்கு மனு எழுதுவது, வார்டு ஆபீசுக்கு அலைவது, வீட்டு நாய்க்கு லைசென்ஸ் எடுப்பது ஆகியவற்றில் குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்தத் திறமையை மனைவிக்கோ அம்மாவுக்கோ சற்றுக் கடன் கொடுக்கலாம். சொசைட்டி மீட்டிங்குக்குப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போய்ப் பேசச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுச் சட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போகலாம். தினமும் ஒரு வேளை சோறு வாங்கிச் சாப்பிட்ட கையை எந்த நாயும் எளிதில் கடிப்பதில்லை!

நாய் கடித்துவிட்டால் வைத்தியம் ஆண், பெண் எல்லாருக்கும் ஒன்றே. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிவாயைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் பூசக் கூடாது. அன்றே அரசாங்க அல்லது மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்து கிடையாது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நமக்கு, வாசலில் வந்து நிற்கும் ஒரு ஜீவன் சொந்தக்காரரைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. அது தமிழா, மராத்தியா என்று நாய் கேட்பதில்லை. சோறு வைக்கிற கை ஆணுடையதா, பெண்ணுடையதா என்றும் அது பார்ப்பதில்லை. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் நாம். இனி கண்காட்சியில் கோப்பை கிடைத்தால், அதை வாங்க மேடைக்கு வீட்டு அம்மாளையும் அழைத்துச் செல்லுங்கள். வாசலில் சோறு வைக்கும் நேரம் வந்தால், வீட்டு ஐயாவும் கூடப் போய் நிற்கட்டும்.